கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும்

"கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும். இதை மட்டும் மனசுல வச்சுக்கம்மா, மத்ததெல்லாம் கை தானாச் செய்யும்." சிவகாசியில் காலண்டர் டிசைன் செய்துகொண்டிருந்த ஒரு அண்ணன், 2008இல் எங்கள் ஸ்டூடியோவுக்கு வேலைக்கு வந்தபோது எனக்குச் சொல்லித்தந்தது இது. நம் ஊர்க் கல்யாணச் சந்தைக்கென்றே எழுதிவைத்த விதிபோல இருக்கிறதே என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் பேசியது போட்டோஷாப்பின் லேயர் மாஸ்க்கைப் பற்றி.

ஒரு படத்தை இன்னொரு படத்தின் மேல் வைக்கிறோம். மேலே இருப்பதன் ஓரம் கத்தரியால் வெட்டியதுபோல் தெரியக்கூடாது. கீழே இருக்கிற வானத்திலோ பூக்களிலோ மெல்லக் கரைந்துபோக வேண்டும். அதற்காக மேல் படத்துக்கு ஒரு முகமூடி போடுகிறோம். முகமூடியில் எங்கே வெள்ளை இருக்கிறதோ அங்கே படம் தெரியும். எங்கே கறுப்போ அங்கே மறையும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சாம்பல் நிறங்களில் படம் பாதி, கால், அரைக்கால் என்று தெரியும். கறுப்பிலிருந்து வெள்ளைவரை 256 படிகள். கிரேடியன்ட் கருவியை எடுத்து மவுஸை ஒரு இழு இழுத்தால் அந்தப் படிகள் எல்லாம் வரிசையாக இறங்கிவிடும். நீளமாக இழுத்தால் படம் சாயங்காலம்போல மங்கும். குட்டையாக இழுத்தால் கதவைச் சாத்தியதுபோல் மறையும். ஆள் படம் என்றால் நேர்க்கோட்டில் இழுத்தால் சரிவராது, முகத்தின் குறுக்கே போய்விடும். மென்மையான பிரஷ்ஷில் இருபது, முப்பது சதவீதம் வைத்துக்கொண்டு தோளைச் சுற்றி மெதுவாகத் தடவ வேண்டும். பெரிய ஃப்ளெக்ஸுக்குப் போகிற வேலையானால் மங்கலில் பட்டை பட்டையாகக் கோடு விழும். அதற்குக் கடைசியில் கொஞ்சம் நாய்ஸ் சேர்க்க வேண்டும். இதெல்லாம் பிறகு கற்றுக்கொண்டது.

முக்கியமானது வேறு. மாஸ்க் எதையும் அழிப்பதில்லை. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு அந்தச் சின்னக் கட்டத்தில் ஒரு கிளிக் செய்தால் அதன்மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி விழும், மறைந்த ஆள் முழுசாக வந்து நிற்பார். ரப்பர், அதாவது எரேசர் அப்படி இல்லை. அது போனால் போனதுதான். 2004இல் பத்தொன்பது வயதில் கோவில்பட்டியில் வேலைக்குச் சேர்ந்த எனக்கு முதல் நான்கு வருடம் எரேசர் மட்டும்தான் தெரியும்.

எங்கள் முதலாளி அண்ணாச்சிக்குக் கணினி ஓடாது. அவர் இருட்டறைக்காரர். முட்டை வடிவத்தில் ஓட்டை போட்ட ஒரு கறுப்பு அட்டையை மேஜை இழுப்பறையில் வைத்திருந்தார். என்லார்ஜரில் பிரிண்ட் போடும்போது லென்சுக்கும் பேப்பருக்கும் நடுவில் அந்த அட்டையைப் பிடித்து, மேலும் கீழுமாக லேசாக ஆட்டிக்கொண்டே இருப்பாராம். அட்டை மறைத்த இடத்தில் வெளிச்சம் விழாது, பேப்பர் வெள்ளையாகவே நிற்கும். ஓட்டையின் விளிம்பு அசைந்துகொண்டே இருப்பதால் முகத்தைச் சுற்றிப் புகைபோல ஒரு மங்கல் வரும். "கை நடுங்குறதுக்கும் ஆட்டுறதுக்கும் வித்தியாசம் தெரியணும் பாப்பா" என்பார். பழைய வீடுகளின் சுவரில் நெஞ்சுக்குக் கீழே மேகத்தில் கரைந்துபோன தாத்தா படங்கள் தொங்குமே, அவற்றில் பல இப்படி ஆட்டிய அட்டையில் பிறந்தவை.

போட்டோஷாப்பின் பிறப்பிலும் ஒரு பெண் படம் இருக்கிறது. தாமஸ் நோல், ஜான் நோல் என்ற இரு சகோதரர்கள் இதை எழுதினார்கள். 1990இல் அடோபி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு வாங்க வருகிறவர்களிடம் செய்துகாட்ட ஜான் பயன்படுத்திய படம், 1987இல் போரா போரா தீவின் கடற்கரையில் அவரே எடுத்தது. அவருடைய காதலி ஜெனிஃபர் மணலில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், முதுகு நமக்கு. பிறகு அவர்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள். நான் இதைப் படித்த அன்று அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தேன். இந்த மென்பொருள் உருவான காலத்தில் வெட்டவும் ஒட்டவும் கிடைத்த முதல் ஆட்களில் ஒருத்தி, முகம் தெரியாத ஒருத்தி. லேயர் வந்தது அதற்கும் பிறகு, 1994இல், மூன்றாம் பதிப்பில். அதுவரைக்கும் ஒட்டினால் ஒட்டியதுதான். பிரிக்க முடியாது.

எங்கள் கடைக்கு வரும் பெண்கள் எப்படி வருவார்கள் என்று சொல்கிறேன். செத்தபிறகு வருவார்கள். இறந்தவர் ஆண் என்றால் பெரும்பாலும் தனிப்படம் ஒன்று இருக்கும். லைசென்ஸுக்கு எடுத்தது, பைக்கில் சாய்ந்து எடுத்தது, சங்கக் கூட்டத்தில் மைக் பிடித்தது. பெண் என்றால் யாருடைய கல்யாணத்திலோ எடுத்த குரூப் போட்டோ வரும். கடைசி வரிசை, ஓரம், முன்னால் நிற்பவரின் தோள் பாதித் தாடையை மறைத்திருக்கும். "இதுலதான் இருக்காக, இந்தா, இது அவுகதான்" என்று விரல் வைத்துக் காட்டுவார்கள். அந்தக் கட்டைவிரல் அளவு முகத்தை எடுத்து நாங்கள் ஒரு உடம்பில் வைப்போம். எங்கள் கணினியில் தலை இல்லாத பெண் உடம்புகள் ஒரு ஃபோல்டர் நிறைய இருந்தன. எல்லாம் பட்டுச் சேலை. அரக்கு, மயில் கழுத்து, மாம்பழ மஞ்சள். கழுத்துக்கும் சேலைக்கும் நடுவில் மாஸ்க் போட்டுக் கரைத்தால் முடிந்தது. கரிசல் காட்டில் பருத்தி எடுத்து, தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கி, ஆயுசில் ஒரு பட்டுகூடக் கட்டாமல் போன எத்தனை பேருக்கு நான் பட்டுக் கட்டிவிட்டிருக்கிறேன். புருஷன் இருக்கும்போதே போனவள் என்றால் "பொட்டைப் பெருசாக்குங்க" என்பார்கள். புருஷனுக்குப் பின் போனவள் என்றால், பழைய படத்தில் பொட்டு இருந்தால், "அதை எடுத்துருங்க" என்பார்கள். இரண்டும் எனக்கு இரண்டு நிமிட வேலை.

மங்கல் எல்லாம் ஒரே மங்கல் இல்லை. கட்சி ஃப்ளெக்ஸில் தலைவர் முகத்தை வானம் பூராவும் கரைத்துப் பெரிதாக வைப்போம். அது மரியாதை. மறைந்தும் மேலே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். மஞ்சள் நீராட்டு விழா ஃப்ளெக்ஸில் பிள்ளையின் படம் ஒன்று பெரிதாகப் பின்னால் கரைந்திருக்க, அதே பிள்ளை முன்னால் மூன்று சேலையில் நிற்கும். தாய்மாமன் கூலிங்கிளாஸோடு கூர்மையாக வெட்டி வைக்கப்பட்டிருப்பார். பெற்ற அம்மா அநேகமாக இருக்கமாட்டாள். இருந்தால் அப்பாவின் முழங்கைக்குப் பின்னால் கரைந்திருப்பாள்.

உள்ளாட்சி அமைப்புகளில் பெண்களுக்கு 50 சதவீத இடம் என்று தமிழ்நாட்டில் 2016இல் சட்டம் திருத்தினார்கள். 2019 டிசம்பரில் ஊரகத் தேர்தல் வந்தது. எங்களுக்கு ராத்திரி பகலாக வேலை. ஒரு ஊரிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். வார்டு பெண்களுக்கு ஒதுக்கியாகிவிட்டது, அதனால் மதினி நிற்கிறார்கள் என்றார்கள். அண்ணன் படம் மூன்று இருந்தது, கேமராவில் எடுத்தது, ஆறடிக்கு அடித்தாலும் உடையாது. மதினி படம் வாட்சப்பில் வந்த ஒரு பாஸ்போர்ட் சைஸ். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. "அப்ப மதினியக் கொஞ்சம் மங்கலா அண்ணன் பின்னால வச்சிருங்க, அண்ணன் கும்பிடுற மாதிரி முன்னால இருக்கட்டும்." வேட்பாளர் அவங்கதானே என்று கேட்டேன். "பேரு பெருசாப் போடுறோம்ல" என்றார் ஒருவர். போட்டேன். நானேதான் போட்டேன். அவர்களை அனுப்பி நல்ல படம் ஒன்று எடுத்துவரச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு மட்டும் பதினொரு ஃப்ளெக்ஸ் முடிக்க வேண்டியிருந்தது.

2017 வாக்கில் ஒரு பையன் அவனுடைய அம்மாவோடு வந்தான். அப்பாவுக்கு முதலாமாண்டு நினைவஞ்சலி. அவருக்குத் தனிப்படம் ஒன்றுதான், ஆதார் படம். அதில் அவரை அவரே அடையாளம் கண்டுகொள்ள மாட்டார். மற்றபடி இருந்தது கல்யாணமான புதிதில் ஸ்டூடியோவில் எடுத்த ஜோடிப் படம். அவர் உட்கார்ந்திருக்கிறார், இந்த அம்மா பக்கத்தில் நிற்கிறார். "அம்மாவ எடுத்துருங்கக்கா. உசுரோட இருக்கவுகள மாலை போடுற படத்துல வைக்கக்கூடாது" என்றான். அவன் சொன்னதில் குற்றம் ஒன்றும் இல்லை. அம்மா நூறு வயசு இருக்க வேண்டும் என்பதுதான் அதில் இருக்கிறது. ஆனால் அந்த அம்மாவின் முந்தானை அவர் தோளில் பட்டுக்கொண்டு நின்றது. தலையில் மல்லிகை வேறு. வெளிர் திரைக்கு முன்னால் மல்லிகையை வெட்டுவதைப்போல ஒரு சள்ளைபிடித்த வேலை கிடையாது. பெண்களை வெட்டுவது எப்போதுமே கஷ்டம். முடி, பூ, முந்தானை, வளையல் என்று ஓரம் பூராவும் ஏதாவது பிய்ந்துகொண்டு நிற்கும். அதனால் நாங்கள் வெட்டுவதில்லை. கரைத்துவிடுவோம்.

நீல வானத்தைக் கீழே வைத்து, மாஸ்க் போட்டு, பிரஷ்ஷால் தடவிக்கொண்டே வந்தேன். அந்த அம்மா என் நாற்காலிக்குப் பின்னால் நின்று ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் கொண்டைப் பூ போனது. அப்புறம் முகம், அப்புறம் கை. பையன் போன் பேச வெளியே போயிருந்தான்.

"ஏந்தாயி, நான் எங்க போனேன்?"

அவர் கேட்டது வருத்தத்தில் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் ஷிஃப்ட்டைப் பிடித்து மாஸ்க்கைக் கிளிக் செய்தேன். சிவப்புப் பெருக்கல் விழுந்தது. இருபது வயதுப் பெண் ஒருத்தி சட்டென்று வந்து புருஷன் பக்கத்தில் நின்றாள். மறுபடி கிளிக் செய்தேன், போனாள். மறுபடி, வந்தாள். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இன்னொரு தடவ செய்யி" என்றார். நான்கைந்து தடவை செய்தோம். பிறகு தணிந்த குரலில் கேட்டார், இதில் அவுகளை எடுத்துட்டு என்னை மட்டும் வைக்க முடியுமா என்று. முடியும் என்றேன். மாஸ்க்கைத் தலைகீழாகத் திருப்பினால் பாதி வேலை முடிந்தது. அவரைக் கரைத்து இந்த அம்மாவைத் தனியாக நிறுத்தினேன். மல்லிகை ஒன்றுகூடப் போகாமல் பார்த்துக்கொண்டேன். ஒரு மேக்ஸி பிரிண்ட் போதும் என்றார். மடியிலிருந்து சுருக்குப்பையை எடுத்து இருபது ரூபாய் கொடுத்தார். பையன் திரும்பி வந்து, "இது எதுக்கும்மா?" என்று கேட்டான். அவர் பதில் சொல்லாமல் படத்தைக் கவரில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் அப்பா 2005 ஐப்பசியில் இறந்தார். அடுத்த வருடம் நினைவஞ்சலிப் படம் செய்தவள் நான்தான். வீட்டில் போட்டோஷாப் தெரிந்த பிள்ளை, வெளியே காசு கொடுப்பானேன் என்று அண்ணன் சொன்னான். எனக்கும் பெருமையாக இருந்தது. எங்கள் வீட்டிலும் அதே கதைதான். 1979இல் எடுத்த ஒரே ஜோடிப் படம், கறுப்பு வெள்ளை. அப்பா மர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அம்மா அவருக்கு வலப்பக்கம் நிற்கிறாள், கை நாற்காலி முதுகில். விரல்கள் அப்பாவின் தோளைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். (அப்பாவுக்கு 'ர்', அம்மாவுக்கு 'ள்'. எழுதும்போது கை அப்படித்தான் போகிறது. திருத்திப் பார்த்தேன், என் அம்மா இல்லை என்று தோன்றியது. விட்டுவிட்டேன்.)

ஸ்கேன் செய்தேன். எரேசரை எடுத்தேன், மென்மையான முனை, பெரிய சைஸ். அம்மாவின் தலையில் ஆரம்பித்துக் கீழே இறங்கினேன். பின்னால் நீலம், நடுவில் கொஞ்சம் வெளிச்சம். அப்பாவின் தோளருகே வரும்போது மட்டும் முனையைச் சின்னதாக்கிக்கொண்டேன், சட்டை போய்விடக்கூடாது என்று. முடித்ததும் எல்லா லேயரையும் ஒன்றாக்கி ஜேபெக்கில் சேவ் கொடுத்தேன், ஸ்கேன் செய்த அதே பெயரில். ஜேபெக்கில் லேயர் கிடையாது. கீழே இருந்தது மேலே இருந்தது என்றெல்லாம் அதற்குத் தெரியாது, ஒரே தோல். சேவ் ஆஸ் கொடுத்திருக்க வேண்டும். அப்போது அது எனக்கு ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஒரிஜினல் பிரிண்ட்தான் இருக்கிறதே.

ஒரிஜினலை ஃப்ரேமிலிருந்து கழற்றி, அதே ஃப்ரேமில் புதுப் படத்தைப் போட்டோம். பழையது பீரோவுக்கு அடியில் ஒரு துணிப்பைக்குள் போனது. இரண்டு மழைக்காலம் கழித்து எடுத்துப் பார்த்தால் பையோடு கரையான்.

அம்மாவிடம் புதுப் படத்தைக் காட்டிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தீப்பெட்டி ஆபீஸிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கையைத் துடைத்துவிட்டுத்தான் தொட்டாள். "அப்பா முகம் தெளிவா இருக்கு" என்றாள். "நீலம் நல்லாருக்கு" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. அந்தக் கடைக்கு வந்த அம்மா கேட்டதை என் அம்மா கேட்டிருந்தால், மாஸ்க் இல்லாவிட்டாலும், கன்ட்ரோல் இசட் இருந்த அந்த ஒரு நாளில் ஏதாவது செய்திருப்பேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். செய்திருக்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. அம்மாவின் இளமை முகம் ஒரு பொருள், அது தொலைந்துபோகக்கூடியது என்று எனக்குத் தெரியாது. அவள்தான் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாளே.

2021இல் அம்மா போனாள். படம் தேடினோம். ஊரார் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் முகம் துடைத்துவிட்டுப் பதினேழு வருடம் கழித்தவள் வீட்டில் அம்மாவின் தனிப்படம் ஒன்றுகூட இல்லை. வாக்காளர் அட்டை இருந்தது. அண்ணன் மகளின் காதுகுத்து வீடியோவில் அம்மா இரண்டு நொடி வருகிறாள், பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு. ரோஸ் நூல்சேலை. அந்த இரண்டு நொடியிலிருந்து ஒரு ஃப்ரேமை எடுத்தேன். "பட்டுச்சேலை வச்சிரலாமே" என்று அண்ணன் கேட்டான். வேண்டாம் என்றேன். எதற்கு என்று சண்டைபோட்டான். அவன் கோபத்திலும் நியாயம் இருந்தது, அம்மாவுக்கு ஒரு பட்டு எடுத்துக்கொடுக்காத கோபம் அது. நான் நூல்சேலையோடுதான் வைத்தேன். சுற்றிலும் எதையும் கரைக்கவில்லை. பின்னால் பந்தி, வாழை இலை, யாரோ ஒருவருடைய முழங்கை எல்லாம் அப்படியே இருக்கிறது.

காரியம் முடிந்து எல்லோரும் போனபிறகு, பழைய சிடி ஒன்றிலிருந்து 2006 ஃபைலை எடுத்தேன். மென்மையான முனையால் அழித்தது முழுதாக அழிந்திருக்காது. ஓரத்தில் நூற்றில் இரண்டு, மூன்று பங்கு எஞ்சியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. லெவல்ஸைத் திறந்து இரண்டு பக்க அம்புகளையும் நெருக்கித் தள்ளினால் இருப்பது வெளியே வரும். அப்பாவின் வலது தோளுக்குப் போய் 1600 சதவீதத்துக்குப் பெரிதாக்கினேன். ஸ்கிரீன் பூராவும் நீலக் கட்டங்கள். அம்பைத் தள்ளத் தள்ள அவற்றுக்கு நடுவில் சாம்பலாக நான்கு கட்டம், சாய்வாக.

மதினி காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பின்னாலேயே நின்றார்.

"அது அத்தை கைதான?" என்றார்.

"சட்டை மடிப்பாவும் இருக்கலாம் மதினி."

"அத்தைக்கு மோதிர விரல்ல ஒரு தழும்பு உண்டே. சின்னப்பிள்ளையில மருந்து சுட்டது. அது தெரியுதா பாரு."

பார்த்தேன். அந்த அளவுக்கு அதில் எதுவும் இல்லை. மதினி குனிந்து தன் கண்ணாலும் ஒருதரம் பார்த்தார். காபி ஆறுகிறது என்றார்.